வாசலைப் பார்த்த செருப்பு

காலை எடுங்கள் தம்பி, செருப்பு முன்சீட்டுக்கு அடியில் போகிறது. மாட்டிக்கொள்ளுங்கள். பஸ்ஸில் கழற்றவே கூடாது. ஒரு பிரேக் போட்டால் ஒன்று டிரைவரிடம் போய்விடும். ஒற்றைச் செருப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்? ஒன்றும் செய்யமுடியாது. எனக்குத் தெரியும்.

நான் கழற்றுவதில்லை. நான்கு வருஷமாக வீட்டுக்குள்ளும் போட்டுக்கொண்டுதான் நடக்கிறேன். கோயிலுக்குப் போவதையும் அதனால் நிறுத்திவிட்டேன். சாமி மேல் கோபமெல்லாம் இல்லை. வாசலில் விடவேண்டும், அதுதான்.

நீங்கள் வத்தலக்குண்டா? நான் திண்டுக்கல். தங்கை வீட்டில் இரண்டு நாள் இருந்துவிட்டு வரலாம் என்று. நானாகக் கிளம்பவில்லை. இருந்துவிட்டு வரச் சொன்னார்கள். சொன்னால் கேட்டுக்கொள்வேன். இருபத்திரண்டு வருஷப் பழக்கம்.

என்ன வேலையா? கிளப் நடத்தினேன். என் கிளப் இல்லை, முதலாளி கிளப். எங்கள் ஊரில் லாட்ஜ் மாடியில் ஒன்று, ஊருக்கு வெளியே மாந்தோப்பில் ஒன்று, குமுளி மலை ஏறுகிற வழியில் ஒன்று. மூன்றுக்கும் போர்டில் மனமகிழ் மன்றம் என்று எழுதியிருக்கும். உள்ளே கேரம் போர்டு ஒன்று உண்டு. அதன்மேல் டீ கிளாஸ் வைப்போம். மற்ற மேஜையெல்லாம் சீட்டு. ஏலக்காய் வியாபாரி, எஸ்டேட்காரன், லாரிக்காரன், வாத்தியார், எல்லோரும் வருவார்கள். முதலாளிக்கு வேறு தொழில்களும் இருந்தன. அதெல்லாம் எனக்குத் தெரியாது. கேட்டதில்லை. கேட்பது என் வேலை இல்லை.

அப்படிப் பார்க்காதீர்கள். ஒருத்தனையும் கை நீட்டி அடித்தவன் இல்லை நான். கத்தி பிடித்ததில்லை. கறிகாய் நறுக்கச் சொன்னால்கூட எனக்கு வராது. என் கையில் இருந்தது ஒரு சாவிக்கொத்து, தோளில் ஒரு துண்டு. மாடிப்படி முடிகிற இடத்தில் ஒரு ஸ்டூல். அதில் உட்கார்ந்திருப்பேன். முதலில் செருப்புப் பார்க்கத்தான் என்னை வைத்தார்கள். பிறகு மூன்று கிளப்பும் என் பொறுப்புக்கு வந்தது. அப்போதும் ஸ்டூலை விடவில்லை.

செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். இது முதலாளி போட்ட சட்டம். வெறுங்காலோடு இருக்கிறவன் சட்டென்று எழுந்து ஓடமாட்டான் என்பார். வராந்தாவில் வரிசையாகக் கிடக்கும். யார் உள்ளே இருக்கிறார்கள் என்று உள்ளே போய்ப் பார்க்கவேண்டியதில்லை. வரிசையைப் பார்த்தால் போதும். இது சின்னமனூர்க்காரர். இது பாங்க் மேனேஜர். இது புதுசு. செருப்பு எப்போதும் உள்ளே பார்த்துத்தான் கிடக்கும். நடந்து வந்து அப்படியே விடுகிறார்கள் அல்லவா, அதனால்.

ஒருத்தன் சீட்டில் எல்லாவற்றையும் விட்டுவிட்டான், இனிமேல் உட்கார்ந்தால் சண்டை வரும், அல்லது தோப்பில் போய்த் தூக்கில் தொங்குவான் என்று தெரிந்தால், நான் போய் அவன் செருப்பை மட்டும் படியைப் பார்த்துத் திருப்பி வைப்பேன். அவ்வளவுதான். பேச்சே கிடையாது. படித் திருப்பத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் வரிசை தெரியும். கீழே பேச்சிமுத்து, அந்தோணி என்று இரண்டு பேர் நிற்பார்கள். பார்த்துக்கொள்வார்கள். அவன் இறங்கினதும் தோளில் கைபோட்டு, டீ வாங்கிக் கொடுத்து, பஸ்ஸில் ஏற்றி, பஸ் கிளம்புகிறவரை நிற்பார்கள். பெரிய மரியாதை அது. வேறு எந்த ஊர் கிளப்பில் இப்படிச் செய்வார்கள்? நம்மிடம் வந்தவன் பத்திரமாக வீட்டுக்குப் போகவேண்டும்.

அவன் வெளியே வந்து பார்ப்பான். செருப்பு வாசலைப் பார்த்துக் கிடக்கும். மாட்டிக்கொண்டு இறங்கிவிடுவான். ஒரு ஏல வியாபாரி மட்டும் ஒருமுறை திரும்பவும் உள்ளே பார்க்க வைத்துவிட்டு, என்னைப் பார்த்துக் கும்பிட்டான். நான் மறுபடி திருப்பினேன். அவன் மறுபடி திருப்பினான். மூன்று தடவை. பிறகு அவனே மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

இதையெல்லாம் ஏன் உங்களிடம் சொல்கிறேன்? செருப்பைக் கழற்றினீர்கள், அதனால் வந்தது. இன்று காலையில் ஒரு பெண் வீட்டுக்கு வந்திருந்தாள், அதனாலும் இருக்கும்.

அவள் டிராயிங் சார் மகள். சித்திரலேகா. பெயரைக் கேட்டாலே டிராயிங் மாஸ்டர் மகள் என்று தெரியவில்லையா?

சார் ரிட்டயர் ஆனவர். ஞானசிகாமணி என்று பெயர். கிளப்புக்குப் போர்டு எழுத வந்தவர். மனமகிழ் மன்றம் என்று அவர் எழுதினால் அந்த 'ழ்' வாத்து மாதிரி நிற்கும். எழுதி முடித்து, பெயிண்ட் காய்கிறவரை ஒரு கை போடலாமா என்றார். பெயிண்ட் அன்றைக்கே காய்ந்துவிட்டது. அவர் ஆறு வருஷம் வந்தார்.

மன்றம் என்றால் பதிவு செய்யவேண்டும். தலைவர், செயலாளர், பொருளாளர் என்று பெயர் வேண்டும். அரசாங்கப் பள்ளியில் வேலை பார்த்தவர், நாலு பேர் வணக்கம் சொல்கிற ஆள். முதலாளி அவரைச் செயலாளர் ஆக்கினார். வருஷத்துக்கு இரண்டு மூன்று கையெழுத்து. அவருக்கு அதில் பெருமை. வளைத்து வளைத்துப் போடுவார். நான் எதிலும் போட்டதில்லை. முதலாளி முதல் நாளே சொல்லிவிட்டார்: "சுருளி, நீ எதுலயும் கையெழுத்துப் போடாத. நீ எங்கயும் இருக்கக் கூடாது." நானும் எங்கேயும் இல்லை. இன்றுவரைக்கும். இன்று காலைவரைக்கும்.

சாருக்கு என்மேல் பிரியம். கிண்டல் பண்ணுவார். "ஏம்ப்பா சுருளி, நீ மனுசன் மூஞ்சியப் பாக்கவே மாட்டியா?" என்பார்.

"அதைப் பாத்து என்ன சார் ஆகப்போகுது? செருப்பைப் பாத்தாலே ஆளு தெரிஞ்சிரும்."

"சரி, என் செருப்பு என்ன சொல்லுது?"

"தைக்கக் குடுக்கச் சொல்லுது சார்."

உள்ளே இருந்தவர்களெல்லாம் சிரித்துவிட்டார்கள். உண்மையாகவே வார் அறுந்துதான் இருந்தது. பழுப்புத் தோல் செருப்பு. இடது குதிகால் பக்கம் தேய்ந்திருக்கும். வாரில் ஒரு சொட்டுப் பச்சைப் பெயிண்ட். எங்கள் போர்டுப் பெயிண்ட்தான்.

ஒருமுறை காலண்டர் தாளின் பின்பக்கத்தில் என்னை வரைந்து கொடுத்தார். ஸ்டூல், துண்டு, செருப்பு வரிசை எல்லாம் அச்சு அசல். ஒவ்வொரு செருப்பும் யாருடையது என்று சொல்லிவிடலாம். என் முகம் மட்டும் இல்லை. தலையும் முதுகும்தான். கேட்டதற்கு, "நீ குனிஞ்சே கிடக்கியேப்பா, எங்கிட்டுப் பாத்து வரைய?" என்றார். கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன்.

பிறகு கிளப் மேல் கேஸ் வந்தது. கிளப்பில் எல்லாவற்றையும் விட்ட யாரோ ஒரு எஸ்டேட்காரன் செத்துப்போய், அவன் தம்பி கோர்ட்டுக்குப் போனான். கிளப் யாருடையது என்று கேட்டால் பேப்பரில் இருப்பது யார்? செயலாளர். சாருக்குச் சம்மன் வந்தது, மதுரையில் வந்து சொல்லவேண்டும் என்று. முதலாளி ஆள் அனுப்பினார். மன்றத்து ஆட்கள் நாங்களேதான் நடத்தினோம், எங்களுக்கு மேல் யாரும் இல்லை என்று சொல்லும்படி. சார் தலையை ஆட்டினார். ஆனால் அன்று என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு சொன்னார்: "கையெழுத்து என்னுது, சொல்லிருவேன். கிளப்பு என்னுது இல்ல, அதையும் சொல்லிருவேன். நாப்பது வருசமா புள்ளைகளுக்கு, உள்ளதைப் பாத்து அப்படியே வரைங்கடான்னு சொல்லியிருக்கேன்பா."

முதலாளி கேட்டார். சொன்னேன். அவர் கேட்டால் சொல்லாமல் இருந்ததில்லை.

அது ஒரு செவ்வாய்க்கிழமை. மறுநாள் மதுரை. மத்தியானம் மூன்று மணி இருக்கும். மழை வருகிற மாதிரி இருட்டிக்கொண்டு நின்றது. முதலாளி போன் பண்ணினார்.

"சார் வந்திருக்காரா?"

"இருக்காருண்ணே."

"அவரு செருப்பைத் திருப்பி வை."

"அண்ணே, அவரு இன்னிக்கு ஜெயிச்சுக்கிட்டு இருக்காரு."

"தெரியும். வை."

வைத்தேன். ஜெயிக்கிறவன் செருப்பைத் திருப்பினது அந்த ஒருமுறைதான். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்பது என் வேலை இல்லை. நாளைக்கு ஊருக்குப் போகிற மனுஷன், மழைக்கு முன்னால் வீட்டுக்குப் போகட்டும் என்று இருக்கும். நான் அப்படித்தான் நினைத்தேன். அப்படித்தான் நினைத்திருப்பேன்.

பேச்சிமுத்துவும் அந்தோணியும் அன்று காலையிலேயே தோப்பு கிளப்புக்குப் போயிருந்தார்கள். கீழே நின்ற இரண்டு பேரும் வெளியூர். ஒருத்தன் படித் திருப்பத்தில் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு இறங்கிவிட்டான்.

சார் வெளியே வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. ஒரே உட்காரலில் மூன்று ஆட்டம் அடித்திருந்தார். செருப்பைப் பார்த்தார்.

"யோவ் சுருளி, நான் ஜெயிச்சுக்கிட்டு இருக்கேன்யா. என் செருப்பை எதுக்குய்யா திருப்புன?"

"மழை வருது சார். சீக்கிரம் போங்க."

"அட, மழைக்கெல்லாமா திருப்புவ நீ?" என்று சொல்லிக்கொண்டே மாட்டிக்கொண்டார். குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டு இறங்கினார். தூறல் போட ஆரம்பித்துவிட்டது.

மேலே ஜன்னல் இருக்கிறது. பார்த்தேன். முதலாளியின் வெள்ளை ஜீப். இரண்டு பேரும் தோளில் கைபோட்டுத்தான் ஏற்றினார்கள். மரியாதையாகத்தான். ஏறும்போது இடதுகால் செருப்பு கழன்று ரோட்டில் விழுந்துவிட்டது. சார் கீழே காட்டி என்னமோ சொன்னார். ஜீப் போய்விட்டது.

இறங்கிப் போய் எடுத்து வந்தேன். துண்டால் துடைத்து அவர் வழக்கமாக விடுகிற இடத்திலேயே வைத்தேன். உள்ளே பார்க்கத்தான் வைத்தேன். கிளப்பையே மூடுகிறவரை அங்கேதான் இருந்தது. அந்த இடத்தில் வேறு யாரையும் விட விடவில்லை. சாருக்கு நான் கொடுத்த மரியாதை அது. வருகிறவர்கள் கேட்பார்கள், "சார் உள்ள இருக்காரா?" என்று.

மூன்றாம் நாள் அவர் சம்சாரம் மாடிப்படி ஏறி வந்தது. நல்ல அம்மா. ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்கட்டுமா என்று என்னிடம்தான் யோசனை கேட்டது. வேண்டாம் அக்கா, கோர்ட்டுக்குப் பயந்து மலைக்கு அந்தப் பக்கம் போயிருப்பார், எழுதிக் கொடுத்தால் அவருக்குத்தான் கஷ்டம், தானாக வந்துவிடுவார் என்று சொன்னேன். அப்படிச் சொல்லச் சொல்லியிருந்தார்கள். அந்த அம்மா கேட்டுக்கொண்டது. ஒரு வருஷம்வரைக்கும் மாதாமாதம் அரிசி மூட்டை இறக்கிவிட்டு வந்தேன். அது யாரும் சொல்லிச் செய்ததில்லை. என் யோசனை.

எட்டு வருஷம் ஆகிவிட்டது.

கிளப்பா? போய்விட்டது. இப்போது எல்லாரும் போனிலேயே ஆடுகிறார்கள். போனுக்கு வாசல் ஏது, செருப்பு ஏது? முதலாளிக்கு ஒரு பக்கம் கைகால் விழுந்துவிட்டது. மகன்தான் எல்லாம். சின்னவர் என்போம். என்னை வரவேண்டாம் என்று சொல்லக்கூட இல்லை. ஒருநாள் போனேன், லாட்ஜ் மாடி பூட்டியிருந்தது, என் சாவி சேரவில்லை. பூட்டை மாற்றிவிட்டார்கள். இருபத்திரண்டு வருஷம் தம்பி. எனக்கு அதுதான் ஆறவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

முதலாளியைப் பார்த்துக் கேட்கலாம் என்று அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் செருப்பைவிட்டு உள்ளே போனேன். முதலாளி கட்டிலில் கிடந்தார். என்னைப் பார்த்ததும் அழுதார். பேச்சு வரவில்லை. சின்னவர் பக்கத்தில் நின்று, "அண்ணே, காப்பி சாப்பிட்டுப் போங்க" என்றார். குடித்துவிட்டு ஹாலுக்கு வந்து வாசலைப் பார்த்தேன். என் செருப்பு தெருவைப் பார்த்துக் கிடந்தது.

வேலைக்காரப் பெண் கூட்டும்போது திருப்பியிருக்கும். காற்றாகக்கூட இருக்கும். சரி, கொல்லையில் போய் முகம் கழுவலாம் என்று போனேன். கொல்லைக் கதவு திறந்திருந்தது. அப்படியே வெளியேறி, வாய்க்கால் வரப்போடு நடந்து, கருவேலங்காடு வழியாக வீட்டுக்கு வந்தேன். சித்திரை மாதம், உச்சி வெயில். காலெல்லாம் கொப்புளம். அந்தச் செருப்பு எங்கே போனதோ. புதுச் செருப்பு அது, வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை.

ஏனா? கொல்லைப் பக்கம் கிட்ட வழி என்று நினைத்தேன். இல்லை, சுற்றுதான். அன்றைக்கு அப்படித் தோன்றியது. ஜன்னலை மூடிக்கொள்ளுங்கள், தூசி வருகிறது.

இன்று காலை ஏழு மணிக்கு சின்னவர் போன் பண்ணினார். நான்கு வருஷத்துக்குப் பிறகு. சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்வானேன். என் குரலை மறக்கவில்லை. "அண்ணே, நல்லா இருக்கீங்களா? சாப்பாடெல்லாம் எப்படி?" என்று கேட்டார். மனுஷன் பாசம் எங்கே போகும்? பிறகு சொன்னார்: "சாரோட பொண்ணு இன்னிக்கு உங்களைப் பாக்க வருது போல. என்ன கேக்குதுன்னு கேளுங்க. ஒண்ணும் இல்லைன்னா அதும்பாட்டுக்குப் போகட்டும். ஏதாவது எழுதி வாங்குச்சுன்னா, போகும்போது நீங்க பழையபடி செஞ்சிருங்கண்ணே. பழக்கம் விட்டிருக்காதுல்ல? அப்புறம் ரெண்டு நாள் தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டு வாங்க."

சரி என்றேன்.

பத்து மணிக்கு வந்தாள். நூல் புடவை, தோளில் ஒரு பை. எங்கேயோ பள்ளிக்கூடத்தில் வேலையாம். படியில் செருப்பை விட்டுவிட்டு, "உள்ள வரலாமா மாமா?" என்றாள். எதிர் டீக்கடையில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் தெரு ஆட்கள் இல்லை.

சுற்றி வளைக்கவில்லை. "அம்மா எட்டு வருசமா ஒவ்வொரு பஸ்சா எட்டிப் பாக்குது மாமா. உசுரோட இருக்காரா இல்லையான்னு கேக்க நான் வரல. ஏழு வருசம் ஆளைக் காணோம்னா கோர்ட்ல இல்லைன்னு எழுதிக் குடுப்பாங்களாம். அப்பதான் அம்மாவுக்குப் பென்ஷன் வரும். கடைசியாப் பாத்தவங்க யாராவது எழுதித் தரணும்னு வக்கீல் சொல்றாரு. கடைசியாப் பாத்தது நீங்கதானே?"

"நான்தான்" என்றேன்.

"அதை மட்டும் சொல்லுங்க. வேற எதுவும் வேண்டாம்."

பேனாவை எடுத்தாள். எழுதும்போது தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, நாக்கு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு எழுதுகிறாள். சாரும் அப்படித்தான் எழுதுவார். செவ்வாய்க்கிழமை, மூன்று மணி என்று சொன்னேன். எழுதினாள். மழைத் தூறல் என்றேன். எழுதினாள். ஜீப்பில் போனார் என்றேன்.

"யாரோட ஜீப்பு மாமா?"

"முதலாளி ஜீப்பு."

பேனா நின்றது. என்னைப் பார்க்கவில்லை. அதையும் எழுதினாள். செருப்பைப் பற்றி அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கேட்டதற்குச் சொன்னேன், அவ்வளவுதான். மனதில் ஒன்றும் இல்லை. அவள்மேல் கோபமும் இல்லை, பாவம் என்றும் இல்லை. மத்தியானச் சோற்றுக்கு என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

முழுக்கப் படித்துக் காட்டினாள். "இதுல போடுங்க மாமா" என்று காகிதத்தை நீட்டினாள்.

வாழ்நாளில் முதல் கையெழுத்து. சுருளிவேல் என்று முழுசாகப் போட்டேன். 'ரு' சரியாக வரவில்லை. இன்னொரு தடவை போடட்டுமா என்று கேட்டேன். போதும் என்றாள். அழுதாள். சத்தம் இல்லை, கண்ணீர் மட்டும். தண்ணீர் கொடுத்தேன். காகிதத்தை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, அதை ஒரு நோட்டுக்குள் வைத்து, நோட்டைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். பத்திரமானவள்.

அப்போதுதான் சுவரில் அந்தப் படத்தைப் பார்த்தாள். "அப்பா போட்டது" என்றாள். அதில் பெயர் எதுவும் இல்லை, தெரிந்துகொண்டாள். கிட்டே போய் ஒவ்வொரு செருப்பாகப் பார்த்தாள். ஓரத்தில் இருந்ததை விரலால் தொட்டு, "இது அப்பாவோடது" என்றாள். அம்மாவுக்குக் காட்டவேண்டும், போனில் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். எடுத்துக்கொள் தாயி என்றேன். கண்ணாடியில் வெளிச்சம் அடிக்கிறது என்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்ந்து எடுத்துக்கொண்டிருந்தாள்.

நான் வாசலுக்கு வந்தேன். வெயில் படியில் பாதிவரை ஏறியிருந்தது. எதிர்க்கடையில் அந்த இரண்டு பேரும் இன்னொரு டீ வாங்கியிருந்தார்கள். அவள் செருப்பு படியில் வீட்டைப் பார்த்துக் கிடந்தது. கறுப்பு ரப்பர் செருப்பு, இடது குதிகால் தேய்ந்தது. குனிந்தேன். இரண்டையும் ஜோடி சேர்த்து எடுத்து, தெருவைப் பார்க்கத் திருப்பி வைத்தேன்.